20 கண்ணி, 29 கண்ணி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மதுரை, வயது 43. வங்கி வேலையில் மாற்றலாகிக் குன்னூர் வந்து ஏழு மாதம் ஆகிறது. மாலை ஆறு மணிக்கு மேல் குளிரில் வெளியே போக முடியவில்லை, போனைப் பார்த்துக்கொண்டே உட்காரவும் பிடிக்கவில்லை. தில்லியில் ஸ்வெட்டர் பின்னக் கற்றதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, கறுப்பு உல்லன் உருண்டை ஒன்றும் 12ஆம் நம்பர் அலுமினிய ஊசியும் வாங்கிவந்தேன். வீடியோ பார்த்துத்தான் பழகுகிறேன். ஊசியில் 20 கண்ணி, அதாவது நூல் வளையம், போட்டு ஆரம்பித்தால் 12 வரிசை முடிவதற்குள் 29 ஆகிவிடுகிறது. நடுவில் ஓட்டை எதுவும் இல்லை, ஆனால் துணி விசிறி மாதிரி விரிந்துகொண்டே போகிறது. ஊசி நுழையாத அளவுக்கு இறுகியும் விடுகிறது. இதுவரை எட்டு முறை பிரித்தாயிற்று. 'இது பொம்பளைங்க வேலை சார்' என்றார் அலுவலகத்தில் ஒருவர். அது எனக்கு உறைக்கவில்லை. இந்த வயதில் கை பழகாதோ என்றுதான் சந்தேகம் வருகிறது. மனைவிக்கு ஒரு மஃப்ளர் பின்னித் தரவேண்டும் என்று ஆசை.

அன்புடன்,
கே., குன்னூர்

அன்புள்ள கே.,

'ஓட்டை எதுவும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. துணியை உற்றுப் பார்த்திருக்கிறீர்கள். அந்த ஒரு தகவலை வைத்தே எங்கே தவறுகிறது என்று சொல்லிவிடலாம்.

நூல் ஊசிக்கு முன்னால் வந்துவிட்டதைக் கவனிக்காமல் அடுத்த கண்ணியைப் பின்னினால் வரிசையின் நடுவில் ஒரு கண்ணி கூடும். அந்த இடத்தில் ஓட்டையும் விழும். ஓட்டை விழாமல் கூடுகிறது என்றால், தவறு வரிசையின் ஆரம்பத்தில் இருக்கிறது. ஒரு வரிசை முடிந்து ஊசியைத் திருப்பிப் பிடித்ததும் நூல் உங்கள் பக்கம் தொங்கும். அதை ஊசிக்கு மேலாகத் தூக்கிப் பின்னால் கொண்டுபோனால் முதல் கண்ணியும் சேர்ந்து இழுபடும். அதன் இரண்டு கால்களும் ஊசிமேல் ஏறி, இரண்டு கண்ணி போலத் தெரியும். நீங்களும் இரண்டையும் பின்னிவிடுவீர்கள். 20, 21 ஆனது அப்படித்தான். திருப்பியவுடன் நூலைக் கீழே இழுத்துவிட்டு, அப்புறம் ஊசி முனைக்கு அடியில் பின்னால் கொண்டுபோங்கள். முதல் கண்ணி ஒன்றாகத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இதே தவறை நானும் செய்தேன். 1986 டிசம்பர், தில்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பு. மாடி வெயிலில் கயிற்றுக் கட்டில் போட்டு, மடியில் வேர்க்கடலையை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி பின்னுவார். கை தன்பாட்டுக்குப் போகும், கண் தெருவில் இருக்கும். பத்து நாள் பாடுபட்டுப் பின்னிய என் மஃப்ளரை அவரிடம் நீட்டினேன். அவர் எண்ணவே இல்லை. கட்டைவிரலால் ஓரத்தை ஒருமுறை தடவினார். ஓரத்தில் படிப்படியாக ஏறியிருந்த இடங்களை நகத்தால் தொட்டுக் காட்டினார். பிறகு ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுத்தார். அரை நிமிடத்தில் எல்லாம் போயிற்று. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பிரித்த நூல் இடியாப்பம் மாதிரி சுருண்டு கிடந்தது. அதை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அலசித் தொங்கவிட்டார். கீழே கனத்துக்கு ஒரு கரண்டி. காய்ந்தபோது சுருக்கம் போய்ப் புது நூல் மாதிரி ஆகியிருந்தது. அவர் பிள்ளைகளின் ஸ்வெட்டர்களை அப்படித்தான் பிரிப்பார். பிள்ளை வளர்ந்திருப்பான், இன்னொரு நிறத்தில் கொஞ்சம் நூல் சேர்த்து ஒரு சுற்று பெரிதாகப் பின்னுவார். நீங்கள் எட்டு முறை பிரித்ததைத் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள். வெட்டித் தைத்த துணியை இப்படித் திரும்ப நூலாக்க முடியாது. பின்னலில் முடியும்.

வீடியோவில் எல்லோரும் கையைத்தான் பார்க்கிறோம். எந்த விரல் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். நீங்கள் துணியைப் பாருங்கள். வீட்டில் ஒரு பழைய டி-ஷர்ட் இருந்தால் எடுத்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிப்பக்கம் கோதுமைக் கதிர் மாதிரி 'வி' 'வி'யாக வரிசை ஓடும். உள்பக்கம் சின்னச் சின்ன மேடுகளாக இருக்கும். இரண்டும் ஒரே கண்ணிதான், ஒன்று அதன் முகம், மற்றது முதுகு. தில்லியில் முகத்தைச் சீதா என்றும் முதுகை உல்டா என்றும் சொல்வார்கள். வேட்டியில் பாவும் ஊடும் என்று இரண்டு திசையில் நூல் ஓடும். டி-ஷர்ட்டில் வளையத்துக்குள் வளையமாக நூல் கோத்துக்கொண்டு போவதால்தான் இழுத்தால் இழுபடுகிறது. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்தபோது, ஊசி பிடித்த கைகள் போட்ட கண்ணியைத்தான் அதில் போட வைத்தார். திருப்பூர் பின்னலாடையிலும் அதே கண்ணிதான் ஓடுகிறது. அந்த டி-ஷர்ட்டை ஓரமாக வெட்டினால் விளிம்பு சுருண்டுகொள்ளும். கையால் ஒரு வரிசை சீதா, ஒரு வரிசை உல்டா என்று பின்னினாலும் அதேபோல் சுருளும். ஆகவே இப்போதைக்கு எல்லா வரிசையும் சீதாவாகவே போகட்டும், துணி படுத்துக் கிடக்கும்.

வாங்கியதில் மாற்ற வேண்டியவை இரண்டு. கறுப்பில் கண்ணி தெரியாது, பழகிய கைக்கே இரவில் கஷ்டம். வெளிர் நிறத்தில், பிசிறில்லாத, நடுத்தரக் கனமுள்ள நூல் வாங்குங்கள். ஊசியில் நம்பர் ஏற ஏறக் கனம் குறையும். 12 என்பது 2.75 மி.மீ. தான். 8ஆம் நம்பர், 4 மி.மீ., மூங்கிலில் கிடைத்தால் நல்லது, கண்ணி வழுக்காது.

இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் பயம்தான். நழுவிவிடுமோ என்று ஊசியின் கூர் முனையிலேயே கண்ணியை வைத்து நூலை இழுத்துவிடுகிறோம். முனை மெலிது, கண்ணியும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். ஒவ்வொரு கண்ணியையும் ஊசியின் முழுக் கனம் உள்ள இடத்துக்குத் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பாதி வரிசையில் வைத்துவிட்டு எழுந்தால், திரும்ப எடுக்கும்போது நூல் எந்த ஊசியிலிருந்து தொங்குகிறதோ அது வலது கைக்கு வரவேண்டும்.

அலுவலக நண்பருக்கு ஒரு செய்தி. பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரியில் தக்கிலே என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே பின்னுவது ஆண்கள்தான், சிறுவயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தீவின் துணிக்கலை யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. வயதைப் பற்றிக் கவலையே வேண்டாம். 43 வயதுக் கை நன்றாகப் பழகும், தினமும் இருபது நிமிடம் கொடுங்கள்.

மஃப்ளர் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் 20 கண்ணி, 40 வரிசை. எல்லாம் சீதாவாகப் பின்னினால் இரண்டு வரிசைக்கு ஒரு மேடு எழும், 20 மேடு வந்தால் உள்ளங்கை அளவில் ஏறக்குறைய ஒரு சதுரம் கிடைக்கும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். கடைசியில் மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள். பொருந்தினால் எழுதுங்கள், மஃப்ளருக்கு எத்தனை கண்ணி என்று அப்போது பேசுவோம். அதற்குள் வீட்டில் அவருக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அம்மா