நெஹாமாவின் தாள்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட நெஹாமா லெய்போவிட்ஸைத் தேடிப் படித்தேன். ஜெர்மனியில் டாக்டர் பட்டம் பெற்றவர், யூதர்களின் மறைநூலான தோராவுக்குத் தமக்கென ஓர் உரை எழுதாமல் பழைய உரைகளை விளக்கிக்கொண்டும், ஊரார் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டும் காலத்தைக் கழித்தது வீண் அல்லவா? பெண் என்பதால் மதம் தடுத்ததா? நானும் ஆசிரியன்தான். திருத்தும் வேலை என் படிப்பைத் தின்றுவிடுகிறது. அவரை எந்த நூலில் தொடங்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாக நெஹாமாவோடுதான் இருக்கிறேன். அந்த 'வீண்' என்ற சொல் மட்டும் இல்லாதிருந்தால் உங்களுக்கு இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன்.

பெண் என்பதால் தடையா என்பதற்கு நீண்ட விவாதம் உண்டு. அவருக்கே அதில் பெரிய ஆர்வம் இருந்ததில்லை, விடுங்கள்.

1905இல் ரீகாவில் பிறந்தவர், 1930இல் மார்புர்க்கில் பட்டம் பெற்ற கையோடு பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்தார். 1942இல் வாரம் ஒரு தாள் அனுப்பத் தொடங்கினார். அந்த வாரத்துத் தோரா பகுதி, அதற்கான உரைகள், கேள்விகள். கடினமான கேள்விக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, மிகக் கடினமானதற்கு இரண்டு. கிப்புட்ஸ் என்னும் கூட்டுப்பண்ணைகளில் வாழ்ந்தவர்களும் சிப்பாய்களும் பதில் எழுதி அனுப்பினார்கள். ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினார், 1971 வரை. இதற்கிடையில் 1956இல் கல்விக்கான இஸ்ரேல் பரிசு, பிறகு டெல் அவீவில் பேராசிரியர் பதவி. நீங்களோ இரண்டு வகுப்புத் தாள்களுக்கே மூச்சு வாங்குகிறீர்கள்!

அவர் என்ன கேட்டார் என்று பாருங்கள். ஆபிரகாமிடம் கடவுள், "உன் மகனை, உன் ஏக மகனை, நீ நேசிக்கிறவனை, ஈசாக்கை" பலியிட அழைத்துப் போ என்கிறார். பெயரை மட்டும் சொன்னால் போதாதா? திடுமெனச் சொன்னால் ஆபிரகாமின் சித்தம் கலங்கிவிடும் என்பதால்தான் கடவுள் படிப்படியாகச் சொன்னார் என்கிறார் பதினோராம் நூற்றாண்டின் உரையாசிரியர் ரஷி. நம் ஆட்கள் இதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். நெஹாமாவோ, ரஷியை இங்கே உறுத்தியது எது, அவர் ஏன் வாய் திறந்தார் என்று கேட்பார். அதைக் கண்டுபிடிக்க மூல வரியை நீங்களே எழுத்தெண்ணிப் படித்தாக வேண்டும். வாசிக்கத் தெரிந்த ஒரு கூட்டத்தையே உருவாக்கியவரிடம் போய், ஏன் தனியாக ஓர் உரை எழுதவில்லை என்கிறீர்களே!

என் கல்லூரி ஆசிரியர் ஒருவர் நான் பெருமையாக எழுதிய பத்திக்குப் பக்கத்தில் "இதை யார் சொன்னது? நீயா?" என்று மட்டும் எழுதித் தந்தார். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இன்றும் எதையாவது எழுதி முடித்ததும் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. அவருடைய ஆய்வு நூல் எதைப் பற்றியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எந்த நூல் என்றுதானே கேட்டீர்கள்? ஆதியாகமம் பற்றிய நெஹாமாவின் ஆய்வுகள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. அத்தியாயங்களின் இறுதியில் கேள்விகள் இருக்கும். அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு கேள்விக்காவது பதில் எழுதி எனக்கு அனுப்புங்கள், திருத்தி அனுப்புகிறேன். கையெழுத்து மட்டும் புரியும்படி இருக்கட்டும்.