ஜூனில் ஒரு வாரம் சுவிட்சர்லாந்து: பெட்டியில் என்ன வைக்கலாம்?

ஜூனில் ஒரு வாரம் இன்டர்லாகன் பக்கம் தங்கப் போகிறீர்கள், கனமான குளிர் கோட்டு தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை. மெல்லிய உடைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவதுதான் அங்கே சரிவரும்.

காரணம் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். இன்டர்லாகன் 570 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரயிலில் ஏறிப் பார்க்கப்போகும் பனிமலை இடமான யுங்ஃப்ராவ்யோக்கின் ரயில் நிலையம் 3,454 மீட்டரில். கீழே 24 டிகிரி இருக்கும் நாளில் மேலே 5 டிகிரிக்குப் பக்கம் வந்துவிடும், காற்று அடித்தால் கேட்கவே வேண்டாம். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் சீக்கிரம் காயாது, உடம்பு நடுங்கும். சீக்கிரம் உலரும் சட்டை, அதன்மேல் ஃபிளீஸ் (கம்பளி போல மெத்தென்ற மேலுடை), அதற்கும் மேல் மழைக்கோட்டு, இவ்வளவு போதும். குடை வேண்டாம், மலைக்காற்று அதைத் திருப்பிவிடும். பனியில் வெயில் பட்டுக் கண் கூசும், கறுப்புக் கண்ணாடியை மறக்காதீர்கள்.

பெட்டி சின்னதாக இருக்கட்டும். ரயில் மாற ஐந்தாறு நிமிடம்தான் கிடைக்கும் இடங்கள் உண்டு. நம் ஊர் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும்.

அப்புறம் டிக்கெட். சுற்றுலாப் பயணிகள் அந்நாட்டு ரயில், பஸ்களில் போக வாங்கும் சுவிஸ் டிராவல் பாஸ், வழியிலுள்ள வெங்கன், கிரிண்டல்வால்ட் ஊர்கள் வரைதான் முழுதாகச் செல்லும். அங்கிருந்து யுங்ஃப்ராவ்யோக்குக்குத் தள்ளுபடி மட்டுமே. அந்த டிக்கெட்டை முன்பே வாங்க அவசரப்படாதீர்கள். காலையில் யுங்ஃப்ராவ்யோக்கின் நேரலைக் கேமராவை இணையத்தில் பாருங்கள், மேகம் மூடியிருந்தால் அன்று கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் லாட்டர்ப்ரூன்னன் அருவிகளுக்குப் போய்விடலாம்.