பொன்னாடையை அவர் வாங்கிக்கொள்வாரா?

கேள்வி: எனக்கு 63 வயது, அரூர் பக்கம். 1971 இந்தியா-பாகிஸ்தான் போரில் என் அண்ணன் இறந்தார். அவருக்கு அப்போது 22 வயது. சில வருஷமாக ஊர் இளைஞர்கள், அந்தப் போர் முடிந்த டிசம்பர் 16 அன்று ஃபிளக்ஸ் வைத்து, மைக் செட் கட்டி விழா எடுக்கிறார்கள். என்னை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறார்கள். பேசுகிறவர் எல்லாரும் 'பழி தீர்ப்போம்' என்றே முடிக்கிறார்கள். ஒன்பதாவது படிக்கும் என் பேரன், 'நானும் போய் நாலு பேரைச் சுடுவேன் பாட்டி' என்கிறான். விழாவே வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது. அது அண்ணனுக்குத் துரோகமா?

பதில்: துரோகம் இல்லை அம்மா. ஆனால் விழாவை நிறுத்தச் சொல்லாதீர்கள். பாட்டிக்கு வயசாகிவிட்டது என்று சொல்லிவிட்டு ஃபிளக்ஸை இன்னும் இரண்டு அடி உயர்த்துவார்கள். அடுத்த முறை மைக்கை நீங்களே வாங்கிப் பேசுங்கள்.

அதற்கு முன்னால் பேரனை ஒரு நாள் பஸ் ஏற்றி, தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களைக் காட்டுங்கள். நம் பக்கத்து நடுகற்களில் எழுத்துள்ளவற்றைப் படித்தால், எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எதற்காகச் செத்தான் என்பதுதான் இருக்கும். 'தொறு மீட்டுப் பட்டான்' என்றால், மாட்டு மந்தையை மீட்கப் போய் இறந்தான் என்று பொருள். மந்தையைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. பழி தீர்ப்போம் என்று கல்லில் வெட்டவில்லை. அந்தக் கற்களை வேடியப்பன் என்று கும்பிட்டுக் கும்பிட்டு, கையிலிருக்கும் வில்லை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம், செத்த காரணத்தை விட்டுவிட்டோம். உங்கள் ஊர் ஃபிளக்ஸிலும் இதே கதைதான்.

தகடூர் என்ற பழைய பெயரில் நம் தருமபுரியை ஆண்ட அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். அவன் தன் ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்ட, 'உன் ஆயுதமெல்லாம் நெய் பூசிப் பளபளக்கிறது, எங்கள் மன்னனுடையதோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது' என்றார். புகழ்வது போலக் குத்தினார். அதே ஔவையார்தான் அதியமான் இறந்தபின், மலைநாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், நடுகல்லில் ஊற்றும் இந்தச் சின்னக் கலத்துக் கள்ளையா வாங்கிக்கொள்வான் என்று அழுதார். இரண்டும் புறநானூற்றில் இருக்கின்றன. முதல் பாட்டைப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் கேட்டிருக்கிறேன். இரண்டாவதை அங்கே கேட்ட ஞாபகமே இல்லை. உங்களுக்குப் போர்த்தும் பொன்னாடையைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்தக் கள்தான் நினைவுக்கு வந்தது.

சரி, பழி என்கிறார்களே. உங்கள் அண்ணன் போன போர் 13 நாளில் முடிந்தது. பிடிபட்ட சுமார் 93,000 பேரை இந்தியா திருப்பி அனுப்பியது. 1972 ஜூலையில் இந்திரா காந்தியும் பாகிஸ்தான் அதிபர் பூட்டோவும் சிம்லாவில், தகராறுகளை இனிப் பேசித் தீர்ப்பதாகக் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறமும் கார்கில் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அண்ணனின் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. பேரன் தீர்க்க அதில் பாக்கி எதுவும் இல்லை.

மேடையில் நீளமாகப் பேச வேண்டாம். சாவுச் செய்தி வந்த அன்று வீட்டில் என்ன நடந்தது, அம்மா எப்போது மறுபடி அடுப்பு மூட்டினார், இதைச் சொன்னால் போதும்.

இளைஞர்களிடம் ஒன்று கேளுங்கள். ஃபிளக்ஸில் வாள், புலி, நன்கொடையாளர் படம் எதுவும் வேண்டாம். பெயர், வயது 22, எங்கே இறந்தார், எதற்காக. அந்தக் கடைசி வரியை எழுத, இன்றைய வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானில் என்ன நடந்தது, ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் ஏன் அகதிகளாக வந்தார்கள் என்று அவர்கள் தேடிப் படிக்க வேண்டியிருக்கும். பேரனையும் அந்த வேலையில் சேர்த்துவிடுங்கள்.