வீட்டுக்கு ஒரே கணினி: பூட்டும் சாவியும் பற்றிக் கேள்வி பதில்

கணினி பழுதுபார்க்கும் தொழிலில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வீட்டில் ஒரே கணினி. நான், கணவர், மாமனார், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன் எல்லாரும் ஒரே கணக்கில்தான் நுழைகிறோம். மகனுக்கு மட்டும் கட்டுப்பாடு வைக்க எந்த மென்பொருளை வாங்கலாம்?
– ஒரு தாய், மதுரை

எதையும் வாங்காதீர்கள், சகோதரி. நால்வரும் ஒரே கணக்கில் இருக்கும்வரை, எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. மகனுக்குப் போட்ட பூட்டு மாமனாரையும் சேர்த்து அடைத்துவிடும். முதலில் கணக்குகளைப் பிரியுங்கள். விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டர், ஸ்டாண்டர்டு என்று இரண்டு வகைக் கணக்குகள் உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டர் என்பது சாவிக்கொத்து. அது உங்களிடமோ கணவரிடமோ இருக்கட்டும். மற்றவர்களுக்கு ஸ்டாண்டர்டு போதும்.

அடுத்து, மகன் பெயரில் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கைத் தொடங்கி, அதை உங்கள் குடும்பக் குழுவில் சேருங்கள். கணினிக்குள் மட்டும் இருக்கும் லோக்கல் கணக்கில் இது நடக்காது. பிறகு ‘ஃபேமிலி சேஃப்டி’ செயலியில் எந்தக் கிழமைக்கு எத்தனை மணி நேரம் என்பதை உங்கள் கைப்பேசியிலிருந்தே வைக்கலாம். கட்டணம் இல்லை.

எல்லாருடைய கணக்குக்கும் கடவுச்சொல் வேண்டும், மாமனாருக்கும்தான். ஒரு வீட்டில் எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுவாரமே அந்த வீட்டுப் பையன் தாத்தாவின் கணக்கில் விளையாடிக்கொண்டிருந்தான். தாத்தா வைத்திருந்த கடவுச்சொல் பேரனின் செல்லப் பெயர்.

ஃபேமிலி சேஃப்டியில் இணையத்தள வடிகட்டியை இயக்கினேன். மகளின் கணக்கில் குரோம் திறக்கவே இல்லை. கெட்டுவிட்டதா?
– கோவை

கெடவில்லை. அந்த வடிகட்டி மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரில் மட்டுமே வேலை செய்யும். அதனால் மற்ற பிரவுசர்களை அதுவே தடுத்துவிடுகிறது. குரோமை நீங்கள் அனுமதிக்கலாம். ஆனால் அங்கே வடிகட்டி இருக்காது.

வேண்டாத தளங்களை ரூட்டரிலேயே தடுத்துவிட்டேன். மகன் என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்துக்கொள்கிறான்.
– ஒரு தந்தை, சேலம்

கெட்டிக்காரப் பிள்ளை. ரூட்டரின் காவல் அந்த ரூட்டர் வழியாகப் போகும்போது மட்டும்தான். ஆகவே தடுப்பைக் கணினியிலும் வையுங்கள். தளத்தின் பெயரைச் சொன்னால் முகவரியைத் தேடித் தரும் தொலைபேசிக் கையேடு போன்றது டி.என்.எஸ். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 முதல் குடும்பங்களுக்கென்று இலவசமாக ஒன்றை நடத்துகிறது. நெட்வொர்க் அடாப்டரின் அமைப்பில் 1.1.1.3, 1.0.0.3 என்று இரண்டையும் கொடுங்கள். ஆபாசத் தளங்களின் முகவரியை அது தராது. இணைய முகவரியின் புதிய வகையான ஐ.பி.வி.6-க்குத் தனிப் பகுதி உண்டு; அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே 2606:4700:4700::1113 என்று கொடுக்க வேண்டும். மகனுடையது ஸ்டாண்டர்டு கணக்கு என்றால் இதை அவனால் மாற்ற முடியாது.

இரண்டு ஓட்டைகளைச் சொல்லிவிடுகிறேன். பிரவுசருக்குள் ‘செக்யூர் டி.என்.எஸ்.’ என்ற அமைப்பில் வேறு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் தடுப்பு செல்லாது. இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் வி.பி.என். போட்டாலும் அப்படியே. மேலும், யூடியூபுக்குள் எந்தக் காணொளி ஓடுகிறது என்பது டி.என்.எஸ்ஸுக்குத் தெரியாது.

இன்காக்னிட்டோவில் போனால் இந்தத் தடுப்பையெல்லாம் தாண்டலாமா?

முடியாது. அது பார்த்த வரலாற்றைத்தான் சேமிக்காது.

மூத்தவளுக்கு அரசு கொடுத்த பழைய மடிக்கணினியைத் தம்பி பயன்படுத்துகிறான். விண்டோஸ் 7-இல் இரவு எட்டு மணிக்கு மேல் நுழைய முடியாதபடி வைத்தேன். ஆனாலும் பத்து மணிக்குப் படம் ஓடுகிறது!
– விருதுநகர்

கணினியை இயக்கும்போது, எதைத் திறக்க வேண்டும் என்று கேட்கும் கறுப்புத் திரையைக் கவனித்தீர்களா? 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. விண்டோஸில் போட்ட பூட்டு அடுத்த அறைக்குச் செல்லாது. பையன் அந்தக் கதவு வழியாகப் போகிறானா என்று பாருங்கள். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. என்னைக் கேட்டால், இரண்டையும் எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போடுவேன். ‘டைம்கீப்பர் நெக்ஸ்ட்’ (Timekpr-nExT) என்ற இலவச மென்பொருள் அதில் நேரத்தைக் கவனித்துக்கொள்ளும். பென்டிரைவிலிருந்து வேறொன்றை இயக்காமலிருக்க, கணினி தொடங்கும்போதே வேலை செய்யும் அடிப்படை அமைப்பான பயாஸில் அந்த வழியை அடைத்து, அதற்கும் கடவுச்சொல் வையுங்கள்.

பதினாறு வயது மகள் தட்டச்சு செய்வதையெல்லாம் அவளுக்குத் தெரியாமல் பதிவுசெய்யும் மென்பொருள் வேண்டும்.
– பெயர் வேண்டாம்

நான் போட்டுத் தர மாட்டேன். பலர் புழங்கும் கணினியில் அது உங்கள் வங்கிக் கடவுச்சொல்லையும் சேர்த்துத்தான் பதியும். அது எங்கே போகும் என்பது வேறு கதை. பதினாறு வயதுப் பெண் அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகாது; அதன்பின் அவள் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டாள். கணினியைக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். என்ன கட்டுப்பாடு வைத்திருக்கிறீர்கள் என்பதை அவளிடமே சொல்லிவிடுங்கள்.

அண்ணா, உங்கள் பேச்சைக் கேட்டு அப்பா பூட்டிவிட்டார். எப்படித் திறப்பது?
– எட்டாம் வகுப்பு

தம்பி, நேரம் முடிந்ததும் திரையில் கூடுதல் நேரம் கேட்கும் பொத்தான் வரும். அதை அழுத்தினால் அப்பாவின் கைப்பேசிக்குச் செய்தி போகும். அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போது அழுத்தாதே.