டயர் புதுசு, ட்யூப் மட்டும் பழசா?

(சிறிய விமானங்களின் பராமரிப்பு பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, விமானப் பயிற்சிப் பள்ளிகளின் ஹேங்கரில் (விமானம் நிறுத்திப் பழுது பார்க்கும் கொட்டகையில்) வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

எங்கள் பள்ளியில் செஸ்னா 152 விமானத்துக்கு டயர் மாற்றும்போதெல்லாம் உள்ளே இருக்கும் ட்யூபையும் மாற்றிவிடுகிறார்கள். கழற்றிய ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன், ஒரு குமிழி கூட வரவில்லை. நல்ல ட்யூபை ஏன் தூக்கிப் போட வேண்டும்?
— பயிற்சி விமானி, சேலம்

தண்ணீரில் முக்கிப் பார்த்தீர்களே, அந்த அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது தம்பி. ஆனால் குமிழி வரவில்லை என்றால் ஓட்டை இல்லை என்பது மட்டும்தான் தெரியும். அந்த ட்யூப் புது டயருக்குள் ஒழுங்காக உட்காருமா என்பதைத் தண்ணீர்த் தொட்டி சொல்லாது.

டயரும் வளரும், ட்யூபும் வளரும். காற்றழுத்தத்தில் மாதக்கணக்கில் இருந்த ரப்பர் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. ஒரு மாதம் நோட்டுக் கட்டில் மாட்டிக் கிடந்த ரப்பர் பேண்டைக் கழற்றிப் பாருங்கள், புரியும். வளர்ந்த டயருக்குள் வளர்ந்த ட்யூப் பொருந்திப் போயிருந்தது. இப்போது டயர் மட்டும் புதிது, உள்ளளவு சின்னது. பெரிதாகிப்போன ட்யூபை அதற்குள் திணித்தால் எங்காவது மடிப்பு விழும். மடிப்பில் ரப்பரும் ரப்பரும் உரசும். இறங்கும்போதெல்லாம் அதே இடம் நசுங்கும். ஒரு நாள் அந்த மடிப்பின் கோட்டிலேயே கிழியும். அது ஹேங்கரில் நிற்கும்போது கிழியாது, ஓடுபாதையில் கிழியும்.

152-இன் பெரிய சக்கரத்துக்கு 6.00-6 அளவு டயர். வெளிவிட்டம் ஏறத்தாழ பதினேழரை அங்குலம். மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டால், அதுவரை அசையாமல் இருந்த சக்கரம் கண் இமைக்கும் நேரத்தில் நொடிக்கு 19 சுற்று வேகத்துக்குப் போக வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் டயர், ட்யூப், ரிம் மூன்றின் மீதும் விழுகிறது. அதில் ஒரு பக்கத்து டயர் மட்டும் காற்று போனால் விமானம் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். தனியாகப் பறக்கத் தொடங்கிய பிள்ளை ஒருவர் உள்ளே இருக்கலாம். அதனால்தான் இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சக்கரத்தைக் கழற்றி, இரண்டு பாதியாகப் பிரித்து, மறுபடி சேர்க்கும் வேலை எப்படியும் செய்தாக வேண்டியது. அதோடு புது ட்யூபும் போகட்டும். புது டயருக்குப் புது ட்யூப்: உற்பத்தியாளர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்.

நான் இருபது வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். விமான ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்டலாமா? அவசரத்துக்கு ஸ்கூட்டர் அல்லது ஆட்டோ ட்யூப் போட முடியாதா?
— வாசகர், திண்டுக்கல்

உங்கள் கை அனுபவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஐயா. ஆனாலும் இரண்டுக்கும் பதில் வேண்டாம் என்பதுதான்.

பழைய பராமரிப்புக் கையேடுகளில் சின்ன ஓட்டைக்கு ஒட்டுப் போடும் முறை இருக்கிறது. நான் செய்ததில்லை, என் கீழ் வேலை பார்த்தவர்களையும் செய்ய விட்டதில்லை. ஒட்டுப் போட்ட இடம் மற்ற இடம் போல நீளாது, கனமும் கூடும். மூக்குச் சக்கரத்தில், அதாவது விமானத்தின் முன்னால் இருக்கும் சக்கரத்தில், எடை ஒரு பக்கம் ஏறினால் ஓடும்போது சக்கரம் பக்கவாட்டில் படபடவென்று ஆடத் தொடங்கும், கால் பெடல் வரை அதிரும்.

ஸ்கூட்டர் ட்யூப் 3.50-10, ஆட்டோ ட்யூப் 4.00-8. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 152-க்கு மூக்குச் சக்கரத்தில் 5, பெரிய சக்கரத்தில் 6. அளவே சேராது. சரக்குத் தள்ளுவண்டி ட்யூபில் சில அளவு கிட்டத்தட்ட வரும், அங்கேதான் ஆசை வரும். சுவரின் கனம், வால்வின் அடிப்பாகம் எல்லாம் வேறு. இன்னொன்று: விமானத்தில் போடும் ஒவ்வொரு பொருளுக்கும் சான்றுத் தாள் வேண்டும். அது இல்லாமல் உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்துப் போட முடியாது.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை காற்று அடிக்க வேண்டியிருக்கிறது. ட்யூப் புதிது, வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டும் கசிவு தெரியவில்லை. பியூட்டைல் ட்யூப் வாங்கினால் சரியாகுமா?
— பங்குதாரர்களோடு சிறு விமானம் வைத்திருப்பவர், பெங்களூரு

பெரும்பாலும் சரியாகும். ட்யூப் இரண்டு வகை. ஒன்று இயற்கை ரப்பர். நன்றாக நீளும், குளிரிலும் மிருதுவாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் காற்று அதன் சுவர் வழியாகவே மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். ஓட்டை தேடினால் கிடைக்காது, ரப்பரின் இயல்பே அது. பியூட்டைல் செயற்கை ரப்பர், காற்றை அவ்வளவு எளிதில் விடாது.

தினமும் பத்து முறை இறங்கி ஏறும் பயிற்சி விமானம் என்றால், காலையில் எப்படியும் யாராவது அளவுமானி வைத்துப் பார்ப்பார்கள், இயற்கை ரப்பரே போதும். உங்களைப் போல வாரக்கணக்கில் நிறுத்தி வைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எடுப்பவர்களுக்கு நான் பியூட்டைலைத்தான் சொல்வேன். குறைந்த காற்றோடு பறப்பதுதான் ட்யூபின் உண்மையான எதிரி. காற்று குறைந்த டயர் பிரேக் பிடிக்கும்போது ரிம்மின் மேல் நகரும். டயரோடு ட்யூபும் நகரும். வால்வோ ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டு நிற்கும். முடிவில் வால்வு அடியோடு பிய்ந்துவிடும்.

இதற்காகத்தான் டயரின் பக்கச்சுவரிலிருந்து ரிம்முக்குச் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போடுகிறோம். கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் டயர் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். காற்று சரியாக இருந்தாலும் பறக்காதீர்கள், கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கும்போது வால்வையும் பாருங்கள். நேர் வால்வு, வளைந்த வால்வு என இரண்டு உண்டு. எது உங்கள் ரிம்முக்கு உரியது என்று விமானத்தின் பாகப் பட்டியலில் இருக்கும். டயரின் அளவை மட்டும் சொல்லி வாங்கி வந்தவர்கள் பலர் திரும்பப் போய் மாற்றியிருக்கிறார்கள்.

ட்யூப் மாட்டும் வேலையை முதல்முறையாகச் செய்யப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
— பராமரிப்புப் பொறியியல் மாணவி, சென்னை

முதலில் கழற்றும்போது கவனம் அம்மா. வால்வு பின்னை எடுத்து, காற்று முழுவதும் இறங்கிய பிறகுதான் ரிம்மின் இரண்டு பாதியையும் சேர்த்திருக்கும் போல்ட்டில் கை வைக்க வேண்டும். காற்று இருக்கும்போதே போல்ட்டைத் தளர்த்தினால் ரிம்மே வெடித்துப் பிரியும். உயிர் போகும் தவறு அது. அவசரப்படுத்துபவர் யாராக இருந்தாலும் காத்திருக்கச் சொல்லுங்கள்.

டயரின் உட்புறத்தை வெறும் விரலால் முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டு, மணல், ரப்பர் பிசிறு எதுவும் இருக்கக் கூடாது. ஒரு சின்னச் சீட்டின் ஓரம் கூட நாளடைவில் ட்யூபை அறுத்துவிடும். டால்க் பவுடரை லேசாகத் தடவுங்கள், குவியலாகக் கொட்ட வேண்டாம். ட்யூபில் வட்ட வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று அடித்துக்கொண்டு உள்ளே வையுங்கள். தொளதொளவென்று வைத்தால் ரிம்மின் இரண்டு பாதிக்கும் நடுவில் நசுங்கும்.

டயரில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும், அது டயரின் எடை குறைந்த இடம். ட்யூபில் மஞ்சள் கோடு இருந்தால் அது ட்யூபின் எடை கூடிய இடம். இரண்டையும் சேர்த்து வையுங்கள். மஞ்சள் கோடு இல்லையென்றால் வால்வைச் சிவப்புப் புள்ளிக்கு நேராக வையுங்கள். போல்ட்டுகளை டார்க் ரென்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து, ரிம்மில் குறித்திருக்கும் அளவுக்கு, எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள்.

அடுத்ததைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காற்று அடித்து டயர் ரிம்மில் உட்கார்ந்ததும், முழுக் காற்றையும் இறக்கி மறுபடி அடிக்க வேண்டும். முதல் தடவை ட்யூபின் ஒரு பகுதி டயரோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். மீதிப் பகுதி மட்டும் இழுபட்டு மெலியும். காற்றை இறக்கினால் ட்யூப் தளர்ந்து சுருக்கம் நீங்கி, இரண்டாம் தடவை சீராக விரியும். பிறகு குறைந்தது 12 மணி நேரம் விட்டுவிட்டுப் பாருங்கள். புது டயர் விரிவதால் அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கும். ட்யூபுக்கும் டயருக்கும் நடுவில் அகப்பட்ட காற்றும் அதற்குள் வெளியேறியிருக்கும். அளவுக்குச் சரிசெய்துவிட்டு மறுநாளும் பாருங்கள். அப்போதும் இறங்கினால்தான் கசிவைத் தேட வேண்டும்.

காற்றழுத்தத்தைக் காலையிலேயே பார்க்கச் சொல்கிறார்கள். மதியம் பார்த்தால் என்ன?
— பயிற்சி விமானி, கோவை

வெயிலில் நின்ற டயரும், இப்போதுதான் இறங்கி வந்த டயரும் உண்மையைச் சொல்லாது. 3 டிகிரி செல்சியஸ் மாறினால் மொத்த அழுத்தம் (அளவுமானி காட்டுவதோடு வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 15 பி.எஸ்.ஐ.-யும் சேர்த்து) ஏறத்தாழ 1 சதவீதம் மாறும். 152-இன் பெரிய சக்கரத்துக்கு 21 பி.எஸ்.ஐ., மூக்குச் சக்கரத்துக்கு 30. காலைக்கும் மதியத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம் இருந்தால் பெரிய சக்கரத்தில் கிட்டத்தட்ட 2 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். குறைந்திருந்த காற்று சரியாக இருப்பதுபோல் தெரியும். பறந்து வந்த பிறகு என்றால் இரண்டு மூன்று மணி நேரம் ஆறட்டும். மதியம் அளவு கூடுதலாகத் தெரிகிறது என்று காற்றை இறக்கிவிடாதீர்கள், மறுநாள் காலை குறைவாக நிற்கும்.

வாங்கி வைத்த ட்யூபை எப்படிப் பாதுகாப்பது?
— வாசகர், மதுரை

வந்த பெட்டியிலேயே, இருட்டான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். வெல்டிங் நடக்கும் இடம், மோட்டார் ஓடும் இடம் பக்கத்தில் வேண்டாம், அங்கே உண்டாகும் ஓசோன் வாயுவால் ரப்பரில் வெடிப்பு விழும். பெட்ரோலும் ஆயிலும் படக் கூடாது. ஆணியில் மாட்டித் தொங்கவிடாதீர்கள், தொங்கும் இடத்தில் மடிப்பு விழுந்து நிலைத்துவிடும்.