பவளப்பாறை படிக்க விரும்பும் மகள்: காசிமேட்டுத் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற வாரம் மகளோடு வந்திருந்தபோது, "பவளப்பாறையைப் படிச்சா வயித்துப்பாடு நடக்குமா?" என்று கேட்டீர்கள். பிள்ளை எதிரிலேயே கண் கலங்கி உட்கார்ந்திருந்ததால் அன்று நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். என் கருத்தை இப்போது நேராகவே எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்ததும் பவளத்திற்கென்று தனிப் பட்டம் தேடி அலைய வேண்டாம். விலங்கியல் அல்லது மீன்வள அறிவியல் என்னும் அகலமான பட்டத்தை முதலில் முடிக்கட்டும். முதுகலைக்குப் போகும்போது பவளத்தை எடுத்துக்கொள்ளலாம்.

அவள் என் மேசைமேல் வைத்த வெள்ளைப் பவளத் துண்டு, உங்கள் தந்தையார் காலத்தில் ராமேஸ்வரத்திலிருந்து வந்தது என்றீர்கள். அதன்மேல் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரியும் குழி ஒவ்வொன்றும் பாலிப் என்னும் சிறு உயிர் ஒன்று குடியிருந்த வீடு. கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்து அது தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்கிறது. அதன் சதைக்குள் வாழும் நுண்பாசிகள் வெயிலில் உணவு சமைத்து அதில் பெரும்பங்கைப் பாலிப்புக்குக் கொடுக்கின்றன. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசிகளால் வருவதே. கடல்நீரின் சூடு வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே இந்தக் கூட்டு முறிந்து, பாசிகள் வெளியேறி, பவளம் வெளுத்துவிடுகிறது. வெளுத்த உடனே அது செத்துவிடுவதில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசிகள் திரும்பக் குடியேறும், தணியாவிட்டால் பவளம் பட்டினியால் மடியும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் இப்படிப் பெரிய அளவில் வெளுத்தது. அதற்கு முன்பே சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்ததால் அங்குள்ள தீவுகள் அரிக்கப்பட்டு, இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிப்போயின. பாறை கட்டும் பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே இன்று அப்படியொரு துண்டை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்பதைப் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

"நம்ம கடல்ல இல்லாததை ஏன் படிக்கணும்?" என்றும் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். பவளத்திற்குத் தெளிந்த நீரும் வெளிச்சமும் வேண்டும். ஆற்று வண்டலும் கழிவும் வந்து கலங்கும் எண்ணூர்ப் பக்கத்துக் கடலில் அது திட்டுக் கட்டாது. ஆனால் வண்டலும் கழிவும் கடலடி உயிரை எப்படி மூச்சுத் திணறவைக்கின்றன என்பதைக் எண்ணூரில் கடல் சேரும் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தில் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததை அவளே என்னிடம் விவரித்தாள்.

படிப்புக்குத் தொலைவில் போக வேண்டியதில்லை. நான்காண்டு மீன்வளப் பட்டப்படிப்பு பொன்னேரியிலேயே இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கிறார்கள், நீட் தேவையில்லை. மீனவர் பிள்ளைகளுக்கான சிறப்பு ஒதுக்கீட்டை விண்ணப்பிக்கும்போதே விசாரித்து, அதற்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பொன்னேரியில் இடம் கிடைக்காவிட்டால் சென்னை மாநிலக் கல்லூரியில் விலங்கியல் படிக்கட்டும்; வீட்டிலிருந்தே போய் வரலாம். முதுகலைக்குக் கடல் உயிரியல் படிப்பு உள்ள பரங்கிப்பேட்டையோ தூத்துக்குடியோ போவதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் கவர்ச்சியான பெயர்கொண்ட படிப்புகளுக்குக் கடன் வாங்காதீர்கள்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். பவள ஆய்வில் தொடக்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் திட்டப் பணிகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும், நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. அகலமான பட்டத்தை நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். அது கையில் இருந்தால், பவளத்தில் இடம் கிடைக்காத ஆண்டிலும் டிஎன்பிஎஸ்சி வழியாக மீன்வளத் துறைக்கும், ஆசிரியர் பணிக்கும், உங்கள் துறைமுகத்திற்குள்ளேயே தளம் வைத்திருக்கும் இந்திய மீன்வள அளவைத் துறைக்கும் முயலலாம்.

முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளட்டும். கடலோரத்தில் பிறந்தும் நம் பெண்பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது. அண்ணன் தம்பிக்குத் தெரிவதோடு வீட்டில் நிறுத்திவிடுகிறோம். அடுத்து, அவள் நினைப்பதுபோல் இது நாள்தோறும் வண்ண மீன்களோடு நீந்தும் வேலை அல்ல. கடலடியில் நாடாவை விரித்து, அதன் கீழே எவ்வளவு உயிருள்ள பவளம், எவ்வளவு செத்தது, எவ்வளவு மணல் என்று அளந்து எழுதி, மறு ஆண்டும் அதே இடத்தில் அதையே திரும்ப அளக்கும் பொறுமையான வேலை.

அந்த வெள்ளைத் துண்டையும் ஒரு பூதக்கண்ணாடியையும் அவளிடம் கொடுத்து, அதிலுள்ள குழிகளை மூன்று முறை எண்ணச் சொல்லுங்கள். மூன்று கணக்கும் ஒத்துவராது. ஏன் ஒத்துவரவில்லை என்பதையும் எழுதி, அந்தத் தாளோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரட்டும்.