காய்ந்துபோன சவ்வு ஃபில்டரில் தண்ணீர் இறங்காதது ஏன்?
பினாங்கு ஜெலுத்தோங் வீட்டில் விடுமுறை முழுக்கக் காய்ந்து கிடந்த ஃபில்டர், குழாயைத் திறந்தும் சொட்டவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அடைப்பு என்றுதான் பலரும் நினைப்பார்கள். சவ்வு என்பது நுண்துளைகள் நிறைந்த மெல்லிய வடிதாள்; நான் முதலில் அந்தத் துளைகளின் உட்சுவரைச் சந்தேகப்படுவேன்.

சுவர் தண்ணீரை ஏற்றால், நுண்துளை தானே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாழையிலை போல ஒட்டவிடாமல் தள்ளினால், உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றவே அழுத்தம் வேண்டும். துளை சிறுக்கச் சிறுக்க அந்த அழுத்தம் ஏறும். டெஃப்லான் போன்ற பரப்பில் 0.1 மைக்ரான் (மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு) துளைக்குச் சுமார் 10 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு, தேவை. வீட்டுக் குழாயில் அவ்வளவு ஏது!

நனைந்துவிட்டால் கதை வேறு. அப்புறம் ஓட்டத்தைப் பெரிதும் தீர்மானிப்பது விட்டம்தான்: அது பாதியானால், அந்தத் துளையின் ஓட்டம் 16-இல் ஒரு பங்கு.

ஆய்வகத்தில் இத்தகைய சவ்வை முதலில் ஆல்கஹாலில் நனைப்பார்கள். குடிநீர் ஃபில்டருக்கு அது வேண்டாம். தயாரிப்பாளர் சொன்னபடி ஊறவையுங்கள், சரிவராவிட்டால் மாற்றிவிடுங்கள்.